கோல் கம்பங்களின் நடுவே

கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், கோல் போட்டவரைப் பற்றித்தான் நாம் பெரும்பாலும் பேசுகிறோம். பந்தைத் தடுத்தவரைப் பற்றிப் பேசுவது அரிது. அவர் தடுக்கத் தவறிய நாளில் மட்டும் அவர் பெயர் எல்லார் வாயிலும் அடிபடும். பதினொருவர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் பத்துப் பேர் செய்யும் பிழையைப் பின்னால் நிற்கும் மற்றொருவர் திருத்திவிட இயலும். பதினோராமவராகிய கோல்காவலரின் பிழையைத் திருத்த அவருக்குப் பின்னால் எவரும் இல்லை, வலைதான் இருக்கிறது. அத்தகைய இடத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நின்று, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, தென் அமெரிக்கா ஆகிய மூன்று கண்டங்களிலும் நன்மதிப்புப் பெற்ற ஒருவரைப் பற்றி இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். அவர் கேமரூன் நாட்டைச் சேர்ந்த தாமஸ் என்கோனோ.

முதலில் அவர் செய்த வேலை எத்தகையது என்பதைச் சற்று விளங்கிக்கொள்வோம். கோல் கம்பங்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட அகலம் 7.32 மீட்டர். தரையிலிருந்து குறுக்குக் கட்டை வரை உள்ள உயரம் 2.44 மீட்டர். இவ்வளவு பெரிய வாயிலை ஒரே மனிதர் காக்க வேண்டும். பந்தைக் கையால் தொடும் உரிமை அவருக்கு உண்டு. அதுவும் பெனால்டி எல்லைக்குள் மட்டுமே. அவர் அணியும் சட்டையின் நிறம்கூடத் தம் அணியினரின் நிறத்தினின்றும் வேறுபட்டிருக்க வேண்டும் என்பது விதி. பெனால்டி உதை 11 மீட்டர் தொலைவிலிருந்து உதைக்கப்படுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அத்தொலைவைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு விநாடியில் பத்தில் நான்கு பங்கு. கண் பார்த்து, மனம் தீர்மானித்து, உடல் தாவுவதற்கு அவ்வளவுதான் அவகாசம். ஆகவே நல்ல கோல்காவலர், உதைப்பவரின் தோளையும் இடுப்பையும் காலின் திருப்பத்தையும் முன்கூட்டியே படித்தறியக் கற்றுக்கொள்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோல்காவலர் ஏன் கோட்டிலேயே நின்றுகொண்டிராமல் முன்னோக்கி ஓடிவருகிறார் என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. இதற்கு வடிவொத்த முக்கோணங்களே விடை. அகல் விளக்கின் அருகில் கையை நீட்டினால் சுவரில் விழும் நிழல் பெரிதாகிறது. சுவரின் அருகில் நீட்டினால் நிழல் சிறிதாகிறது. பந்தை விளக்கென்றும் கோலைச் சுவரென்றும் வைத்துக்கொள்ளுங்கள். கோலுக்கு நேர் எதிரே நிற்கும் பந்துக்கும் கோலுக்கும் நடுவழிவரை காவலர் முன்னேறிவிட்டால், 7.32 மீட்டரைக் காக்க வேண்டியவர் அதில் பாதியாகிய 3.66 மீட்டரைக் காத்தாற் போதும். ஆனால் அவ்வாறு முன்னேறியவரின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப்போட எதிரியால் முடியும். எப்போது முன்னேறுவது, எப்போது கோட்டில் நிற்பது என்பதைத் தீர்மானிப்பதிலேதான் இக்கலையின் உயிர் இருக்கிறது.

இவையெல்லாம் நான் பிற்காலத்தில் கற்றவை. ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில் இவற்றுள் ஒன்றையும் அறியேன். பள்ளியின் கால்பந்தாட்டக் குழுவை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். நன்றாக ஓடுபவனை முன்னணியில் நிறுத்தினேன். ஓரளவு ஓடுபவனைப் பின்னணியில் நிறுத்தினேன். ஓடவே இயலாதவனைக் கோலில் நிறுத்தினேன். 1989-ஆம் ஆண்டு பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டியின் இறுதி ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில், எங்கள் கோல்காவலனாகிய சிறுவனின் கால்களுக்கிடையே பந்து உருண்டு உள்ளே போய்விட்டது. மறுநாட் காலையில் வகுப்பு முழுவதும் கேட்கும்படி, "நம் பள்ளியின் கோப்பையை இவன்தான் கொண்டுபோய்க் கொடுத்தான்" என்று சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிறுவன் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. அதன் பிறகு அவன் மைதானத்துக்கு வரவில்லை. இதை ஏன் சொல்லுகிறேன் என்பது பின்னால் விளங்கும்.

கேமரூன் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை தெற்கு நோக்கி வளையும் இடத்தில் அமைந்த நாடு. முதல் உலகப் போர் வரையில் அது ஜெர்மானியரின் ஆட்சியில் இருந்தது. பிறகு பிரான்சும் பிரிட்டனும் அதைப் பங்கிட்டுக்கொண்டன. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த பெரும்பகுதி 1960-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று விடுதலை பெற்றது. மறு ஆண்டில் பிரிட்டிஷ் பகுதியின் தென்பாகம் அதனோடு இணைந்தது. யாவுண்டே தலைநகரம், துவாலா துறைமுக நகரம். சனாகா ஆற்றை ஒட்டிய நிலப்பரப்பில், ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஓசா ஏரிக்கும் அருகே டிஸாங்கே என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1956-ஆம் ஆண்டு என்கோனோ பிறந்தார். நாடு விடுதலை பெற்றபோது அவர் சிறு குழந்தை. புதிய கொடியும் புதிய கீதமும் பெற்ற ஒரு நாட்டுடன் சேர்ந்தே அவர் வளர்ந்தார் எனலாம்.

யாவுண்டே நகரின் கேனன் என்ற கழகத்தில் அவர் புகழ் பெற்றார். அக்கழகம் 1978-ஆம் ஆண்டிலும் 1980-ஆம் ஆண்டிலும் ஆப்பிரிக்கக் கழகங்களுக்கான சாம்பியன் கோப்பையை வென்றது. ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது 1979-இலும் 1982-இலும் என்கோனோவுக்கு வழங்கப்பட்டது. கோல் போடுபவர்களையே நாடிச் செல்லும் இவ்விருது ஒரு கோல்காவலருக்குக் கிடைப்பது அபூர்வம். மொராக்கோவின் பாது ஸாக்கி 1986-இல் அதைப் பெற்றார். ஆனால் இருமுறை பெற்ற கோல்காவலர் என்கோனோ ஒருவரே. ஐரோப்பாவில் இதற்கு ஒப்பான தங்கப் பந்து விருதைப் பெற்ற ஒரே கோல்காவலர் சோவியத் நாட்டின் லெவ் யாஷின். அதுவும் 1963-இல் ஒருமுறைதான்.

அக்காலத்தில் உலகக் கால்பந்தாட்டத்தில் ஆப்பிரிக்காவுக்கு இருந்த இடத்தையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும். 1966-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்கு ஆப்பிரிக்கக் கண்டத்துக்கென்று நேரடியாக ஓரிடமும் ஒதுக்கப்படவில்லை. ஆப்பிரிக்காவின் வெற்றியாளர் வேறு கண்டத்தாருடன் மீண்டும் மோதித்தான் உள்ளே வர வேண்டும் என்றிருந்தது. இது நீதியன்று என்று கூறி ஆப்பிரிக்க நாடுகள் அப்போட்டியைப் புறக்கணித்தன. அதன் பயனாக 1970-இல் ஓரிடம் கிடைத்தது. 1974-இல் அவ்விடத்துக்கு வந்த ஜைர் நாடு, யுகோஸ்லாவியாவிடம் 9 கோல்கள் வாங்கித் தோற்றது. அந்த ஓர் ஆட்டத்தை வைத்துக்கொண்டு, ஆப்பிரிக்கர் ஓடுவர், தாவுவர், ஆனால் கோல் காக்க அறியார் என்று எள்ளியவர்கள் பலர். ஒரு சமூகத்தைப் பற்றி ஒருமுறை சொல்லப்பட்ட கேலிச் சொல் எவ்வளவு காலம் நிலைத்து நிற்கும் என்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் நன்கறிவோம்.

1982-இல் ஸ்பெயின் நாட்டில் நடந்த உலகக் கோப்பைக்குக் கேமரூன் முதன்முறையாக வந்தது. அப்போது நான் ஆசிரியர் பயிற்சி மாணவன். விடுதிக்கு வரும் செய்தித்தாளில்தான் அவ்வாட்டங்களைப் படித்தேன். முதல் ஆட்டத்தில் பெரு நாட்டுடன் கோலின்றிச் சமன். இரண்டாவது ஆட்டத்தில் போலந்துடனும் கோலின்றிச் சமன். அந்தப் போலந்து அவ்வாண்டு மூன்றாமிடம் பெற்ற அணி என்பதை நினைவிற் கொள்க. மூன்றாவது ஆட்டம் ஜூன் 23 அன்று வீகோ நகரில் இத்தாலியுடன் நடந்தது. பிற்பாதியில் இத்தாலியின் கிராசியானி தலையால் தள்ளிய பந்து மேலெழும்பி வளைந்து வந்தது. அதைப் பிடிக்கப் பின்னோக்கி நகர்கையில் என்கோனோவின் கால் வழுக்கிற்று. பந்து உள்ளே விழுந்தது. அடுத்த நிமிடமே கேமரூனின் எம்பிடா ஒரு கோல் போட்டுக் கணக்கைச் சமன்செய்தார்.

மூன்று ஆட்டங்களிலும் கேமரூன் தோற்கவில்லை. வாங்கியது ஒரே கோல். இத்தாலியும் மூன்று ஆட்டங்களையும் சமன்செய்து அதே புள்ளிகளைப் பெற்றிருந்தது. ஆயினும் இத்தாலி போட்ட கோல்கள் 2, கேமரூன் போட்டது 1 என்ற கணக்கினால் இத்தாலி அடுத்த சுற்றுக்குச் சென்றது. கேமரூன் ஊர் திரும்பிற்று. அதே இத்தாலி பின்னர் மேற்கு ஜெர்மனியை வென்று உலகக் கோப்பையையே கைப்பற்றியது. உலகத்தை வென்றவர்களுக்குக் கேமரூன் விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு வழுக்கல்தான்.

அந்த வழுக்கலுக்காக என்கோனோவை எவரும் ஒதுக்கிவிடவில்லை. ஸ்பெயினில் அவர் ஆட்டத்தைக் கண்ட பார்சலோனா நகரின் எஸ்பான்யோல் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. ஐரோப்பாவின் பெரிய கழகங்கள் ஆப்பிரிக்கரை முன்னணி ஆட்டக்காரராக அழைப்பது உண்டு. தங்கள் கோலை ஆப்பிரிக்கரிடம் ஒப்படைப்பது அக்காலத்தில் அரிதிலும் அரிது. அங்கே அவர் பல ஆண்டுகள் இருந்து, இருநூறுக்கும் மேற்பட்ட லீக் ஆட்டங்களில் கோல் காத்தார். நீண்ட கால்சட்டை அணிந்து நிற்பார். உயரமாக வரும் பந்தை எல்லாச் சமயத்திலும் பிடிக்க முயலார். கூட்டம் நெருங்கியிருந்தால் முஷ்டியால் குத்தித் தொலைவில் அனுப்பிவிடுவார். பிடிக்க முயன்று நழுவவிடுவதைக் காட்டிலும் குத்தி அப்புறப்படுத்துவது மேல் என்பது அவர் முறை.

1988-ஆம் ஆண்டு எஸ்பான்யோல் கழகம், இத்தாலியின் மிலான், இன்டர் ஆகிய இரு பெருங்கழகங்களையும் வென்று, ஐரோப்பிய யூஃபா கோப்பையின் இறுதிக்குச் சென்றது. எதிரணி ஜெர்மனியின் பேயர் லெவர்குசன். இறுதி இரண்டு ஆட்டங்களாக நடந்தது. பார்சலோனாவில் நடந்த முதல் ஆட்டத்தில் எஸ்பான்யோல் 3-0 என வென்றது. லெவர்குசனில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் 0-3 எனத் தோற்றது. பின்னர் பெனால்டி உதைகளில் 3-2 என்ற கணக்கில் கோப்பை கைநழுவிப் போயிற்று. கையெட்டும் தூரத்துக்கு வந்த பரிசு கலைந்து போவதை அவர் இரண்டாம் முறையாகக் கண்டார்.

இனி 1990-ஆம் ஆண்டுக்கு வருவோம். கேமரூனுக்கு இரண்டு சிறந்த கோல்காவலர்கள் இருந்தார்கள். மற்றவர் பெயர் ஜோசப் அந்துவான் பெல். பிரான்சின் பெரிய கழகங்களில் ஆடியவர். தம் கருத்தை அஞ்சாது சொல்பவர். 1982-இல் என்கோனோ ஆடப் பெல் காத்திருந்தார். 1990-இல் இத்தாலியில் நடந்த உலகக் கோப்பையில் பெல் ஆட என்கோனோ காத்திருப்பார் என்பதே ஏற்பாடு. ஆனால் அணியின் ஆயத்தம் சரியில்லை, அர்ஜென்டினாவின் முன் நமக்கு வழியில்லை என்று பெல் பத்திரிகைக்காரர்களிடம் வெளிப்படையாகக் கூறிவிட்டார். அவர் கூறிய குறைகள் பொய்யல்ல என்று சொல்வாரும் உண்டு. எனினும் முதல் ஆட்டம் தொடங்கச் சில மணி நேரமே இருக்கையில் அவர் நீக்கப்பட்டார். பயிற்சியாளர் நெப்போம்னியாஷி என்கோனோவை ஆடச் சொன்னார். தம் முறை வராது என்று தெரிந்தும் ஆயத்தமாக இருந்த ஒருவரை, அன்று அவ்வணி நம்பி நின்றது.

ஜூன் 8 அன்று மிலான் நகரில் நடந்த அந்த ஆட்டத்தை, தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த ஒரு வீட்டின் கூடத்தில், இருபது முப்பது பேருடன் தரையில் அமர்ந்து நானும் பார்த்தேன். மரடோனாவின் அர்ஜென்டினா அப்போது உலகச் சாம்பியன். 67-ஆவது நிமிடத்தில் ஒமாம் பியிக் தலையால் முட்டிய பந்து அர்ஜென்டினாவின் கோல்காவலர் கைக்குத் தப்பி உள்ளே சென்றது. கேமரூனின் இருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, எஞ்சிய ஒன்பது பேர் ஆட்டத்தை முடித்தார்கள். 1-0 என்ற கணக்கில் வெற்றி. என்கோனோ ஒரு கோலும் வாங்கவில்லை. அடுத்து ருமேனியாவையும் 2-1 என வென்றார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் என் நெஞ்சில் தைத்தது. ஜூன் 18 அன்று சோவியத் யூனியனிடம் கேமரூன் 0-4 எனத் தோற்றது. நான்கு முறை என்கோனோ வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்துக் கொடுக்க நேர்ந்தது. ஐந்து நாட்கள் கழித்து நேப்பிள்ஸ் நகரில் கொலம்பியாவை எதிர்த்து அணி இறங்கியபோது, கோல் கம்பங்களின் நடுவே யார் நிற்கிறார் என்று பார்த்தேன். அதே என்கோனோ நின்றார். அவரை எவரும் மாற்றவில்லை. எனக்கு என் பள்ளிச் சிறுவனின் முகம் நினைவுக்கு வந்தது. அவனுக்கு அடுத்த ஆட்டத்தை நான் கொடுக்கவில்லையே என்ற எண்ணம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

அந்த ஆட்டத்தில் எதிரணியின் கோல்காவலர் ரெனே இகீட்டா, கோலை விட்டு வெகுதூரம் வெளியே வந்து பந்தைக் காலால் உருட்டி விளையாடும் வழக்கமுடையவர். கூடுதல் நேரத்தில் 38 வயதுடைய ரோஜர் மில்லா அவர் காலிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு, காவலற்ற கோலுக்குள் அனுப்பினார். 2-1 எனக் கேமரூன் வென்றது. எப்போது முன்னேறுவது என்ற கேள்வியை முன்பு குறிப்பிட்டேன் அல்லவா? அதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. ஜூலை முதல் நாளன்று காலிறுதியில் இங்கிலாந்தை எதிர்த்து 2-1 என முந்திய கேமரூன், லினேக்கர் போட்ட இரண்டு பெனால்டி கோல்களால் கூடுதல் நேரத்தில் 2-3 எனத் தோற்றது. ஆயினும் உலகக் கோப்பையின் காலிறுதியை எட்டிய முதல் ஆப்பிரிக்க நாடு என்ற பெருமை அதற்கு உரியதாயிற்று. 1994-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் ஆப்பிரிக்காவின் இடங்கள் இரண்டிலிருந்து மூன்றாக உயர்ந்தன.

அந்த ஆட்டங்களை இத்தாலியில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்போது நடுக்கள ஆட்டக்காரன். என்கோனோவைக் கண்டபின் கோல்காவலனாக வேண்டுமென்று விரும்பினான். அவன்தான் பின்னாளில் 2006-ஆம் ஆண்டு உலகக் கோப்பையை வென்ற இத்தாலிய அணியின் கோல்காவலர் ஜான்லூயிஜி புஃபான். தம் மூத்த மகனுக்கு லூயிஸ் தாமஸ் என்று அவர் பெயரிட்டார். அதிலுள்ள தாமஸ், கேமரூனின் தாமஸ். ஆப்பிரிக்கருக்குக் கோல் காக்கத் தெரியாது என்ற கேலிக்கு இதைக் காட்டிலும் தக்க மறுமொழி எது?

1994-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்கும் என்கோனோ சென்றார். ஆனால் ஓர் ஆட்டத்திலும் இறங்கவில்லை. முதல் இரண்டு ஆட்டங்களில் பெல் நின்றார். காத்திருப்பதும் காவலரின் தொழிலே. பிறகு பொலிவியா நாட்டின் லா பாஸ் நகரிலுள்ள பொலிவார் கழகத்தில் ஆடினார். அந்நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைந்தது. ஆதலால் பந்து கூடிய வேகத்துடன் வரும். வழக்கம் போல் வளையாது. நாற்பதை நெருங்கிய வயதில், அதுகாறும் கற்ற கணக்குகளையெல்லாம் அவர் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. திருத்திக்கொண்டார்.

ஒரு துயரச் செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2002-ஆம் ஆண்டு மாலி நாட்டின் பமாகோ நகரில் ஆப்பிரிக்கக் கோப்பை அரையிறுதி நடக்கவிருந்தது. என்கோனோ அப்போது கேமரூன் கோல்காவலர்களின் பயிற்சியாளர். ஆட்டத்துக்கு முன்பு மைதானத்தில் மந்திரப் பொருளொன்றை இட்டார் என்று குற்றஞ்சாட்டி, காவல்துறையினர் அவரைப் பிடித்து, கையில் விலங்கிட்டு இழுத்துச் சென்றனர். இருபது ஆண்டு உழைப்பினாலும் கணக்கினாலும் பெற்ற திறமையை மாயமென்று எண்ணுவார் இருக்கவே செய்கிறார்கள். அன்று கேமரூன் மாலியை 3-0 என வென்றது. பின்னர் கோப்பையையும் வென்றது. என்கோனோ மீண்டும் தம் பணிக்குத் திரும்பினார். எஸ்பான்யோல் கழகத்தில் கோல்காவலர்களுக்குப் பயிற்சியளித்தார். அங்கே அவரிடம் பயின்றவர்களுள் அவர் நாட்டவரே ஆகிய கார்லோஸ் கமேனியும் ஒருவர்.

2022-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் மொராக்கோ, பெனால்டி உதைகளில் ஸ்பெயினை வென்று, பின்பு போர்ச்சுகலையும் வென்று, அரையிறுதி கண்ட முதல் ஆப்பிரிக்க நாடாயிற்று. அவ்வெற்றிகளில் கோல்காவலர் யாசின் புனுவின் பங்கு பெரிது. ஆப்பிரிக்கரிடம் கோலை ஒப்படைக்கலாமா என்ற கேள்வியை இன்று எவரும் எழுப்புவதில்லை. 1982-இல் அக்கேள்வி இருந்தது. வீகோவில் வழுக்கிய காலோடு மறுநாள் எழுந்து நின்ற ஒருவர் அதற்கு விடை சொல்லத் தொடங்கினார்.

என் பள்ளிச் சிறுவனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். கொலம்பியா ஆட்டத்துக்குப் பின் வந்த திங்கட்கிழமை அவனைத் தேடினேன். அவன் தந்தைக்கு வேலை மாற்றம் ஏற்பட்டு, கோடை விடுமுறையிலேயே குடும்பம் வேறூர் சென்றுவிட்டது என்றார்கள். அவனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல இயலவில்லை. அவ்வாண்டு முதல், பள்ளியில் எந்த ஆட்டத்தில் தோற்றாலும் முதலில் கோல்காவலனிடம் சென்று கைகொடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். குழுவிலுள்ள ஒவ்வொரு மாணவனும் ஆண்டுக்கொருமுறையேனும் கோலில் நிற்க வேண்டும் என்றும் விதித்தேன். அங்கே நின்று பார்த்தவன் பிறகு எந்தக் காவலனையும் ஏசமாட்டான்.

அச்சிறுவனுக்கு இப்போது ஐம்பது வயது இருக்கலாம். அவர் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். அன்றைய ஆட்டத்தில் அதற்கு முன் ஆறு பந்துகளை நீங்கள் தடுத்தீர்கள், தம்பி. அந்த ஆறும் எனக்கு நினைவிருக்கிறது. அதை அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும்.